ஜொகூர்ப் பாலம் முதல் செடெனாக் அடுப்படி வரை

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சிங்கப்பூரில் நான் ஏறிய ரயில் கடலுக்குள் இறங்கியது. இறங்கியது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதுதான் சரி. திறந்து பார்த்தால் இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர், நடுவில் நாங்கள். கல்லையும் மண்ணையும் கொட்டி, முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் கடலுக்கு நடுவே தெரு போட்டிருக்கிறார்கள். அதன் மேல் ரயிலும் போகிறது, பக்கத்திலேயே மோட்டாரும் போகிறது. திருச்சிராப்பள்ளியில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பாலத்தின் அந்தக் கரைதான் ஜொகூர் பாரு. அங்கே ஸ்டேஷனில் என் கணவர் காத்திருந்தார். அவரை எனக்குப் பதினோரு நாள் பழக்கம். கலியாணம் ஆன பன்னிரண்டாம் நாள் லீவு முடிந்து கப்பல் ஏறியவர். செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் வேலை. காயத்துக்குக் கட்டுப் போடுவதும், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும், நாடி பார்ப்பதும் அவர் பொறுப்பு. அதன் பிறகு இரண்டு வருஷமாக எங்கள் குடித்தனம் தபாலில்தான் நடந்தது.

தபாலில் நடந்ததால் வந்த வினை ஒன்று உண்டு. எனக்குச் சமைக்கத் தெரியாது. ஒன்பது வருஷம் கான்வெண்ட் போர்டிங்கில் மணி அடித்தால் தட்டுடன் போய் நின்றவள். படிப்பு முடிந்து அங்கேயே டீச்சராகி, மறுபடியும் அதே மணிக்கு அதே தட்டுடன் நின்றேன். ஆனால் பெண் பேசும்போது அம்மா, “சமையலில் கெட்டிக்காரி” என்று எழுதிவிட்டாள். அம்மா சொன்ன பொய்யைக் காப்பாற்ற நான் எழுதிய பொய்கள் அதைவிடப் பெரியவை. விடுமுறைக்குப் போகும் சித்தி வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறதோ அதை அப்படியே அவருக்குக் கடிதமாக எழுதுவேன். “இன்று இறால் தொக்கு வைத்தேன், எல்லோரும் புகழ்ந்தார்கள்” என்று ஒரு தடவை கை கூசாமல் எழுதினேன்.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் அவருடைய ஒரு கடிதம். “வீட்டில் சமையலுக்கு ஆள் உண்டு, நீ கவலைப்படாதே” என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை நம்பித்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். வாந்தி எடுத்த நாட்களில்கூட அதைத்தான் எடுத்துப் படித்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் வெள்ளைக் கோட்டும் குடையுமாக நின்றார்.

“வந்துட்டியா பிலோமி?” என்றார்.

“வந்துட்டேன்,” என்றேன்.

இரண்டு வருஷப் பிரிவுக்கு அவ்வளவு பேச்சுத்தான் எங்களால் முடிந்தது. கப்பலில் எனக்குத் துணையாக வந்திருந்த தம்பதி, அதே ரயிலில் கோலாலம்பூருக்குப் போகிறவர்கள், ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

காலை பத்தரை. செடெனாக்கில் நிற்கும் ரயில் மத்தியானம்தான் என்பதால் என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனார். கடலுக்குப் பக்கத்திலேயே சந்தை; படகிலிருந்து கூடை நேரே கடைக்கு வருகிறது. ஒரு மலாய் அம்மாள் முன்னால் இறால் குவிந்திருந்தது. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். சில இன்னும் மீசையை ஆட்டின. இந்த ஊரில் எடைக்குக் கட்டி என்று பெயர், ஒன்றேகால் ராத்தலுக்குக் கொஞ்சம் மேல் வரும். கட்டி முப்பது காசு என்றாள். இவர் மலாயில் ஏதோ சொல்ல, அவள் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்து, இருபத்தைந்துக்குக் கொடுத்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“பொண்டாட்டி இன்னைக்குத்தான் வர்றா, நல்லா சமைப்பான்னு சொன்னேன்,” என்றார்.

நான் இறாலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

“வெள்ளிக்கிழமை, நம்ம வேதத்துல கறி ஆகாது. இறால்னா தோஷமில்ல. தொக்கு வச்சேன்னு எழுதினியே, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நீ வர்ற அன்னைக்கு இறால்தான்.”

“வீட்டுல சமையலுக்கு ஆள் இருக்கார்னு எழுதியிருந்தீங்களே?”

“அவரா...” என்று இழுத்தார். “அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன். இன்னைக்கு உன் கையால சாப்பிடணும்னு ஆசை.” சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த பிஸ்கட் டின்னில், மரத்தூளில் பொதிந்த ஐஸைப் பரப்பி இறாலை அடுக்குவதில் முழுக் கவனத்தையும் செலுத்தினார்.

ஜொகூர் பாருவில் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. சுல்தானின் அரண்மனைத் தோட்டம், குன்றின் மேல் வெள்ளை மசூதி, கடற்கரையோரம் வரிசையாக மரங்கள் எல்லாவற்றையும் காட்டினார். எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனால் வாசகர்கள் மன்னிக்க வேண்டும். என் கண்ணில் நின்றது அந்த பிஸ்கட் டின் ஒன்றுதான். முதல் நாளே பொய்க்காரி என்று தெரிந்துவிட்டால், பதினோரு நாள் பழகிய மனிதரோடு மிச்ச வாழ்நாளை எப்படி ஓட்டுவது?

மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு ரயில். செடெனாக் இருபத்தெட்டு மைல் என்றார். மூன்றாம் வகுப்பில் எதிர்ப் பலகையில் சிகாமட் போகிற ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். காதில் தொங்கட்டான், மடியில் வெற்றிலைப் பை. ரயில் நகரும் முன்னமே என் ஊர், பேர், கலியாணம் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். கடைசியில் டின்னுக்கு வந்தார்.

“என்னம்மா அதுல?”

“இறால்.”

“அட! யாரு சமைக்கப் போறா, நீயா? உங்க ஊர்ல எப்படிச் செய்வாங்க? சொல்லு, கேப்போம்.”

இவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாலும் காது இங்கேதான் இருந்தது. சித்தி வீட்டுத் தொக்கில் எனக்குத் தெரிந்தது அதன் நிறம் மட்டும். துணிந்து ஆரம்பித்தேன்.

“முதல்ல நல்லாக் கழுவி, ஒரு மணி நேரம் வேக வைப்போம்...”

“ஒரு மணி நேரமா? அலமாக்!” என்று அந்த அம்மாள் மலாயில் அலறிக் கையைத் தட்டினார். “அது இறாலா இருக்காதும்மா, ரப்பர் ஷீட்டு. தொரை பாத்தா முத்திரை குத்திக் கப்பல்ல ஏத்திருவாரு லா!”

பெட்டி முழுக்கச் சிரித்தது. “இல்லேங்க, கறியைத்தான் சொன்னேன்,” என்று சமாளித்தேன். யாரும் கேட்கவில்லை. இவருக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தோள் குலுங்க இருமினார். கரித்தூள் போயிருக்கும் என்று நினைத்தேன்.

கூலாயில் வண்டி நின்றபோது டின்னின் அடியிலிருந்து என் காலில் தண்ணீர் சொட்டியது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. இறால் கெட்டுப்போனால் நல்லது என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன். இருபத்தைந்து காசு இறாலைப் போய் அப்படி நினைத்தோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. பிளாட்பாரத்தில் அன்னாசிப்பழம் வாங்கி, அந்த அம்மாளுக்கும் ஒரு துண்டு கொடுத்தோம்.

மாலை மூன்றரைக்குச் செடெனாக். அங்கிருந்து தோட்டம் இரண்டு மைல், மாட்டுவண்டிப் பயணம். சிவப்பு மண் பாதையின் இரண்டு புறமும் ரப்பர் மரங்கள், எந்தப் பக்கம் பார்த்தாலும் நேர் வரிசை. உள்ளே வெயிலே விழவில்லை. திருச்சியின் வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்த நிழலே ஒரு விருந்தாக இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தாண்டி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மரக்கால்கள் மேல் நிற்கும் பலகை வீட்டின் முன் வண்டி நின்றது. அதுதான் எங்கள் வீடு.

மணி நாலரை. “ஐஸ் போயிடுச்சு. இனி தாமதிச்சா இறால் கெட்டுரும்,” என்று சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போனார். நான் அடுப்படிக்குள் நுழைந்தேன். ஒரு சமையல்காரரின் அடுப்படி இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. பலகையில் வரிசையாக டின்கள். மருந்துப் புட்டியில் ஒட்டுவதுபோல ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. “மல்லி.” “சீரகம்.” “மிளகாய்த் தூள்: காரம் அதிகம், கவனம்.”

அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்த கையெழுத்து.

விறகோடு உள்ளே வந்தவரிடம், “சமையலுக்கு ஆள் எங்கே?” என்று கேட்டேன்.

என் கண் டின்கள் மேல் இருப்பதைப் பார்த்தார். விறகை மெல்லக் கீழே வைத்தார். “இங்கதான் நிக்கிறார்,” என்றார்.

அவர் முகம் சிவந்து போயிற்று. “உங்க அம்மா எழுதினாங்க, பொண்ணு படிச்சவ, அடுப்படியில போட்டு வாட்டிடாதீங்கன்னு. டிரெஸர் சம்பளத்துல சமையல்காரன் வைக்க முடியுமா? இல்லேன்னு எழுதினா உன்னை அனுப்ப மாட்டாங்களோன்னு பயந்துட்டேன். தப்புத்தான்.”

இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது மகா பாவம். “எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அவ்வளவுதான். தொக்கு சித்தி வச்சது,” என்றேன்.

“தெரியும்.”

“எப்போ தெரிஞ்சது?”

“ஒரு மணி நேரம் வேக வைக்கணும்னு சொன்னியே, அப்போ. எனக்கு இருமலே இல்ல பிலோமி.”

அப்புறம் எங்கள் இருவராலும் அடக்க முடியவில்லை. அடுப்புக்கு முன் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். என் கண்ணில் வந்தது முழுக்கச் சிரிப்பும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து சுமந்துவந்த பயம் அந்த இடத்தில் விட்டுப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததை வாசகிகள் குறித்துக்கொள்ளலாம். அரிசியை அவர் உலையில் போட்டார். ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட ஒரு சின்ன இடுக்கியை வெந்நீரில் கொதிக்க வைத்து, இறாலின் முதுகைக் கீறி, கறுப்பு நரம்பை நூல்போல உருவினார். முள் எடுக்கும் பழக்கம் கையில் தெரிந்தது. ஓட்டை உரிக்கும் வேலை எனக்கு. முதல் மூன்று இறால் பாழ், நாலாவது தேறியது. பூண்டு பதினாறு பல் உரித்துப் பொடியாக நறுக்கினோம். வீட்டுப் பின்னால் நிற்கும் செடியில் கோலிக்குண்டு அளவு எலுமிச்சை காய்க்கிறது, லீமாவ் என்கிறார்கள்; அதில் எட்டுப் பறித்தேன்.

சோறு வடித்தானதும் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் நாடி பார்க்கும் கடிகாரம்.

“நான் சட்டியைப் பாக்கிறேன், நீ முள்ளைப் பாரு. ஒன்றரை நிமிஷம் ஆனதும் சொல்லு.”

இரும்புச் சட்டியில் டின் வெண்ணெய் இரண்டு கரண்டி. உருகியதும் பூண்டு; அது நிறம் மாறுவதற்குள் இறால், உப்பு, மிளகுத் தூள். “ஆச்சு!” என்று கத்தினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். “ஆச்சு!” என்று மறுபடியும் கத்தினேன். சட்டியை இறக்கிக் கீழே வைத்த பிறகுதான் லீமாவ் பிழிந்தார். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்குமாம். இறால் வளைந்தால் எடுத்துவிட வேண்டும், சுருண்டால் போச்சு என்றார். துரை பங்களாவில் சமைக்கும் சீனர் ஒருவர், கை வெந்து கட்டுக்கு வந்தபோது சொல்லிக்கொடுத்த பக்குவம். சட்டியில் இருந்தது மூன்று நிமிஷம். ஒரு மணி நேரம் என்று சொன்னவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

அப்போது வாசலில் குரல் கேட்டது. கங்காணியின் மனைவி செல்லக்கண்ணு அக்கா, புதுப்பெண்ணைப் பார்க்க வந்திருந்தார்.

“என்னா வாசம்! டிரெஸரு ஐயா, பொண்ணு கைப்பக்குவமா? எங்களுக்கு வெள்ளிக்கிழமை கவுச்சியே ஆகாது, இல்லேன்னா ஒண்ணு வாயில போட்டுருப்பேன்.”

இவர் என் மானத்தைக் காப்பாற்ற வாயைத் திறந்தார். “ஆமாக்கா, அவதான்...”

“இல்லேக்கா,” என்றேன். “செஞ்சது இவரு. எனக்குச் சமைக்கத் தெரியாது. நான் கடிகாரம் பாத்தேன்.”

செல்லக்கண்ணு அக்கா இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். “அதுதானே பாத்தேன்! இந்தப் பூண்டு வாசம் ரெண்டு வருஷமா இந்த வீட்டுல அடிக்கிற வாசமாச்சே. வந்த அன்னைக்கே உண்மையைச் சொல்லிட்டே. நல்லா இருப்பே, போ.”

இருட்டும் முன் பலகைத் தரையில் இரண்டு தட்டு வைத்து எதிரெதிரே உட்கார்ந்தோம். சோற்றில் வெண்ணெயும் லீமாவும் இறங்கியிருந்தன. பூண்டு பல்லில் பட்டால் இனித்தது. அத்தனை ருசியாக நான் இதுவரை சாப்பிட்டதில்லை. கடைசி இறாலை அவர் என் தட்டில் தள்ளினார், நான் அவர் தட்டில் தள்ளினேன், பிறகு பாதியாக்கிக்கொண்டோம். எங்கள் திருச்சி வீட்டில் ஆண்கள் அடுப்படி வாசல்வரை வந்து வெந்நீர் கேட்பதோடு சரி. கடல் தாண்டி இரண்டாயிரம் மைல் வந்த எனக்கு, பார்த்த புதுமைகளில் பெரியது அந்தப் பாலம் இல்லை.

மறுநாள் காலை அவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அம்மாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கப்பல் ஏற்றும்போது, சமையலுக்கு நிஜமாகவே ஆள் உண்டா என்று அம்மா மூன்று தடவை கேட்டது நினைவில் இருந்தது. ஆகவே ஊர், ரயில், பாலம் எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் வரியாக இதை எழுதினேன்: “சமையலுக்கு ஆள் உண்டு. நல்ல ஆள். இவரை நான் விடுவதாக இல்லை.”