பனியன் போட்ட கார்

திருப்பூரில் எதைத் தைத்தாலும் அது பனியன் கம்பெனிதான். ஒரு எலெக்ட்ரிக் காருக்குத் துணி பின்னுகிறோம் என்று சொன்னதும், நல்லூர் பஸ்ஸில் என்னோடு வருகிற பெண்கள் "காருக்குமா பனியன்?" என்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

அது விற்கிற கார் அல்ல. வருங்காலக் கார் இப்படித்தான் இருக்கும் என்று கண்காட்சியில் காட்டுவதற்காகச் செய்த ஒற்றைக் கார். உள்ளே ஒரு பட்டன்கூடக் கிடையாது. டேஷ்போர்டு முழுக்க ஒரே துணி. பருத்தி நூலோடு வெள்ளி பூசிய நூலையும் சேர்த்துப் பின்னியிருந்தோம். விரல் பட்டால் துணிக்கு அடியிலிருந்து வெளிச்சம் வந்து, பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்டும். வேண்டாதபோது ஸ்டியரிங் மடங்கி டேஷ்போர்டுக்குள் போய்விடும். துணிக்குப் பேட்டர்ன் போட்டவள் நான். இது தேறினால் இந்த வேலைக்கென்றே ஒரு பிரிவு தொடங்கி என் கையில் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தேறாவிட்டால் மறுபடி டி-ஷர்ட் காலர்.

கண்காட்சிக்கு முதல் நாள் மதியம் கார் எங்கள் குடோனுக்கு வந்தது. துணியை மாட்டினோம். காரோடு சென்னையிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஸ்டியரிங்கை மடக்கினார். அது துணியையும் இழுத்துக்கொண்டு போய்ப் பாதியில் சிக்கி நின்றது. துணி தொளதொளவென்று தொங்கியது. டேப்பை வைத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே கணக்காகக் கூடுதல். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, துவைச்சா சுருங்கும்னு கூட விட்டு வெட்டுனியளா?"

"ஆமாங்க. எப்பவும் உடறதுதானுங்களே."

"காரை யாருண்ணே துவைப்பா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் திட்டவும் வாய் வரவில்லை. துவைக்கவே தேவையில்லாத துணி ஒன்றை இந்த ஊரில் யார் வெட்டியிருக்கிறார்கள்?

புதிதாகப் பின்ன வெள்ளி நூல் இல்லை. ஓரத்தைக் கத்தரித்தால் நூலில் கரன்ட் ஓடாது. "பழைய பிளாஸ்டிக் டேஷ்போர்டையே மாட்டிடலாம் மேடம்" என்றார் இன்ஜினியர்.

"சுருங்கத்தான விட்டிருக்கு? துவைச்சுச் சுருக்கிருவோம்" என்றேன்.

"வெள்ளி போயிட்டா?"

"போனாப் போவுது. பிளாஸ்டிக்தான்னா இந்தத் துணி எதுக்கு?"

வாய்தான் வீறாப்பாகப் பேசியது. பக்கத்தில் நின்றிருந்த முதலாளி, "செஞ்சு பாரு கண்ணு" என்றார்.

சுடுதண்ணீரில் துவைத்து டிரையரில் போட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் என் பிழைப்பு சுற்றிக்கொண்டிருந்தது. வேண்டிக்கொள்ள ஒரு சாமியின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

மாட்டினோம். கச்சிதமாகப் பிடித்தது. ஸ்டியரிங் சத்தமில்லாமல் உள்ளே போனது. இன்ஜினியர் வயரைச் சொருகிவிட்டு, "நீங்களே தொடுங்க மேடம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

தொட்டேன். இருட்டு. கொஞ்சம் தள்ளி மறுபடி தொட்டேன். துணிக்கு அடியிலிருந்து மெல்லப் பச்சை வெளிச்சம் வந்தது. ஓரத்தில் ஒரு கோடு மட்டும் செத்திருந்தது, மற்றதெல்லாம் எரிந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

இன்று அந்தப் பிரிவு என் கையில் இருக்கிறது. புதுத் துணி மேசைக்கு வரும்போதெல்லாம், கத்தியை வைப்பதற்கு முன் மாஸ்டர் என் அறைக்கு வந்து நிற்பார்.

"ஏனுங்க, இந்தக் காரு தொவைக்கறதுங்களா, தொவைக்காததுங்களா?"