காலிக் குழிக்கு ஒரு போட்டோ

பத்து நாளைக்கு முன்பு ஒரு காரியம் செய்தேன். நன்றாக வேர் பிடித்துத் தளிரும் விட்டிருந்த ஐம்பது பட்டர் ஃப்ரூட் செடிகளைப் பிடுங்கச் சொல்லி யோசனை கொடுத்தேன். பிடுங்கியவர் கரடியூர் பழனியம்மாள்.

காரணம்? மானியம்!

பழனியம்மாளுக்கு மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக ராகி விதைத்து, களையெடுத்து, இடுப்பு விட்டுப் போச்சு. ஒரு தடவை நட்டால் பல வருஷம் காய்க்கிற மரமாக வைத்துவிட்டால் உடம்பு தாங்கும் என்று நினைத்தார். செடி அவரே வாங்கிவிடுவார். வேலி போடத்தான் மானியம் வேண்டும். வேலி இல்லாவிட்டால் காட்டெருமை ஒரே ராத்திரியில் மேய்ந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை... பாவம்!

மானிய விதிகளை இப்போது எளிமையாக்கிவிட்டார்கள், தெரியுமோ? முன்பு ஒரு கத்தை சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் சேலத்துக்கு ஒரு நடை. இப்போது ஒரே பக்க விண்ணப்பம், பட்டா நகல், இரண்டே போட்டோ. நடுவதற்கு முன் காலிக் குழி, நட்ட பிறகு செடி. இரண்டையும் அதிகாரியே நேரில் வந்து தன் போனில், அதற்கென்று இருக்கிற ஆப்பில் எடுப்பார். படித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

விண்ணப்பம் போட்டோம். குழியும் வெட்டியாயிற்று. அதிகாரி வரவில்லை — மழை வந்துவிட்டது.

முதல் மழையை விட்டால் மலையில் அந்த வருஷ நடவு போச்சு. பழனியம்மாள் என்னைக் கேட்காமலே நட்டு, இப்போதைக்குச் சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். கேட்க என்ன இருக்கிறது? மூன்று வாரம் கழித்து என் போனில் மெசேஜ் — நாளை கள ஆய்வு.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கு சுற்றி, ஒரே ஒரு நாள் நிழலில் வைத்துவிடலாம், போட்டோ எடுத்ததும் திரும்ப நட்டுக்கொள்ளலாம் என்றேன்.

“தளிர் உட்டிருக்குதுங்களே சார்...” என்றார் பழனியம்மாள்.

அதைக் கேட்டாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

மறுநாள் அதிகாரி வரவில்லை. சேலத்தில் மீட்டிங்காம். அதற்கு மறுநாள் ஆப் வேலை செய்யவில்லையாம். அப்புறம் சனி, ஞாயிறு. அந்த நாலு நாளும் பார்த்து மலையில் சுள்ளென்று வெயில்! பழனியம்மாள் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிச் சாக்கை நனைத்துக்கொண்டே இருந்தார். நான் அதிகாரிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாலும் பிரயோசனமில்லை.

ஐந்தாம் நாள் வந்தார். சின்ன வயசு. மலை முழுக்க அவர் ஒருவர்தானாம்; பைக்கில் அலைந்து முகமெல்லாம் கறுத்திருந்தது. திட்டத் தயாராக வந்த நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். காலிக் குழிகளை வரிசையாகப் படம் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். சாக்கைப் பிரித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

“நட்டது நட்டபடியே இருந்திருந்தாலும் என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க சார். ஆப்புல அதுக்கு எடமே இல்லீங்க.”

பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை.

எளிமை, எளிமை என்கிறார்களே... யாருக்கு? தாள் குறைந்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் மழைக்கு முன்னால் குழியைப் பார்க்க ஆள் வருவாரா என்று அந்த விதியை எழுதியவர் ஒரு விவசாயியிடமாவது கேட்டிருப்பாரா? முன்பு தாளுக்காக அலைந்தோம். இப்போது போட்டோவுக்காகக் காத்திருக்கிறோம். கோபப்படக்கூட அலுப்பாக இருக்கிறது எனக்கு. என் மீதும்தான்.

ஐம்பதில் ஏழெட்டுதான் பச்சையாக இருந்தன. அவற்றைக் கூடையில் எடுத்துக்கொண்டு பழனியம்மாள் குழியைப் பார்த்து நடந்தார். அதிகாரி பதறிப்போய்த் தடுத்தார். மானிய ஆர்டர் வரும்வரை குழி காலியாகவே இருக்க வேண்டுமாம். எப்போது வரும் என்று அவருக்கே தெரியாதாம்.

பழனியம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏனுங்க சார், இது என்ற நெலந்தானுங்களே?”

ஆமாம் என்றேன். அதற்குத்தானே பட்டா நகல் இணைத்திருக்கிறோம்!