தட்டில் வைக்க முடியாத சீர்

ஸ்பீக்கர் விற்றுப் பிழைப்பவன் என்ற முறையில், முதலில் ஒரு மூடநம்பிக்கையை ஒழித்தாக வேண்டும். ஸ்பீக்கர் என்பது காதுக்காக வாங்கும் பொருள் என்று படித்தவர்கள் உட்பட எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சமுதாயத்துக்கு இதனால் விளைந்துள்ள கேடு கொஞ்சமல்ல. அருப்புக்கோட்டையில் கடை வைத்துக்கொண்டு, திருச்சுழி வரைக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: அது கண்ணுக்காக வாங்கும் பொருள். காது பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். சில வீடுகளில் வராமலே போவதும் உண்டு.

ஸ்பீக்கரில் இரண்டு வகை. ஒன்று, தரையில் தன் காலில் நிற்பது. மற்றது, சுவருக்குள்ளோ சீலிங்குக்குள்ளோ பதுங்கிக்கொண்டு முகத்தில் ஒரு வலையை மட்டும் காட்டுவது. நிற்பது இடத்தை அடைக்கும். ஆனால் பிடிக்காவிட்டால் தள்ளி வைக்கலாம், அடித்தொண்டைச் சத்தமும் அதில் நன்றாக வரும். பதுங்குவது இடத்தை அடைக்காது, சத்தம் அறை முழுக்கப் பரவலாக விழும். ஆனால் வைத்த இடம்தான் அதற்கு ஆயுசுக்கும். விஷயம் இவ்வளவுதான். இதை ஒரு குடும்பத்தின் நடுவில் உட்கார்ந்து விளக்கிப் பார்த்த சக வியாபாரிகளும், ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று வீட்டில் பேசப்போய்ப் பேச்சுவார்த்தையே நின்றுபோனவர்களும் மேற்கொண்டு படிக்கலாம். ஆறுதல் கிடைக்கும்.

முதலாளி வீட்டுச் சத்தம்

பாண்டிக்குச் சவுதியில் ஏ.சி. மெக்கானிக் வேலை. லீவில் வந்தவர் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் கடைக்கு வந்துவிட்டார். தங்கை செல்வியைப் பாலவனத்தத்தில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே புது வீடு கட்டி முடிகிற நேரம். பால்காய்ச்சுக்கு அண்ணன் வீட்டுச் சீராக ஒரு ஸ்பீக்கர் செட்டு வேண்டும் என்றார்.

இது சாதாரணச் சீர் இல்லை. செல்வியின் மகனுக்குக் காது குத்தியபோது பாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். பாண்டி பணத்தைத் தங்கையின் கணக்கில் போட்டுவிட்டார். பணம் வந்தது, சீர்த்தட்டு ஒன்றுகூட வரவில்லை. மாப்பிள்ளையின் அக்கா முத்துலட்சுமி பந்தலில் நின்றுகொண்டு, "செல்விக்குப் பொறந்த வீடுன்னு ஒன்னு இருக்கா, இல்ல பேங்குலயே பொறந்துட்டாளா?" என்று சபைக்கே கேட்கும்படி கேட்டுவிட்டார். அந்தப் பேச்சு கடல் தாண்டிப் போய்ப் பாண்டியின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இந்தப் பால்காய்ச்சில் அதே சபையில், அதே முத்துலட்சுமி மதினி முன்னால், சீர் என்றால் என்ன என்று காட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று வந்திருக்கிறார்.

இடுப்புயரத்துக்கு நிற்கும் டவர் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைக் காட்டினேன். பளபளவென்று மர நிறத்தில் இருக்கும். பாண்டி அதைச் சுற்றிக்கூட வரவில்லை. "நிக்கிறதெல்லாம் பழசுண்ணே. எங்க முதலாளி வீட்டுல பாட்டு கேக்கும், பெட்டியவே காணாது. சத்தம் எங்கருந்து வருதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாது. அதான்ணே கௌரவம்."

ஸ்டூலுக்குப் பதில்

வியாபாரி நடுநிலை தவறக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே நிற்கிற ஸ்பீக்கரின் நல்லது கெட்டது இரண்டையும் பாண்டிக்கு எடுத்துச் சொல்ல, காரியாபட்டியில் நடந்த ஒன்றைச் சொன்னேன்.

அங்கே தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் ஆசை ஆசையாக டவர் ஸ்பீக்கர் வாங்கியிருந்தார். கொஞ்ச நாளில், "சத்தம் போர்வைக்குள்ளருந்து வர்ற மாதிரி இருக்கு" என்று போன் செய்தார். போய்ப் பார்த்தால் சத்தம் நிஜமாகவே போர்வைக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இடது ஸ்பீக்கரில் போர்வை காய்ந்தது. வலது ஸ்பீக்கரின் தலையில் பிளாஸ்டிக் பூந்தொட்டி, அதன் பக்கத்தில் இன்வெர்ட்டர் தண்ணீர் பாட்டில். பின்பக்கம் காற்று போய்வர ஒரு துளை உண்டு. அதற்குள்ளிருந்து சீப்பு ஒன்றும், காணாமல் போய்விட்டதென்று இரண்டு புது ரிமோட்டுகள் வாங்கவைத்த பழைய ரிமோட்டும் கிடைத்தன. சாமான்களை எல்லாம் இறக்கிப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் மனைவி பூந்தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு எப்போது முடியும் என்று நின்றுகொண்டிருந்தார். முடிந்ததும் தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாட்டு கொஞ்சம் மங்கலா கேட்டா என்ன சார், இந்த ஒசரத்துக்கு வேற ஸ்டூலு எங்க கிடைக்கும்?"

இடப்பக்கம் பிள்ளையார்

இந்தக் கதையைக் கேட்டதும் பாண்டி, சுவருக்குள்தான் என்று முடிவே செய்துவிட்டார். வெளிநாட்டில் பல வீடுகளின் உட்சுவர் பலகைதான். உள்ளே காலியாக இருக்கும், அறுத்துச் செருகிவிடலாம். நம் ஊர்ச் சுவர் முழுச் செங்கல். பூச்சு வேலைக்கு முன்பே கொத்தி, மாடம்போல ஒரு குழி எடுத்து, உள்ளே பெட்டி அடித்துத்தான் ஸ்பீக்கரை வைக்க முடியும். நானும் எலக்ட்ரீஷியன் ஜாபர் பாயும் போய், டி.வி. வரப்போகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் அளந்து, சம உயரத்தில் இரண்டு குழி எடுத்து, ஒயரையும் இழுத்து விட்டுவிட்டு வந்தோம்.

பூச்சு காய்ந்த பிறகு ஸ்பீக்கரோடு போனோம். இடப்பக்கக் குழியில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் ஒயரைப் பக்குவமாகச் சுருட்டி அவருக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். "நல்ல அம்சமா மாடம் எடுத்துக் குடுத்துருக்கீகன்னு, வெள்ளிக்கெழமை பாத்து வச்சுட்டேண்ணே" என்றார் செல்வி. விளக்கேற்றிய இடத்திலிருந்து பிள்ளையாரைக் கிளப்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜாபர் பாய் டிரில்லிங் மிஷினைச் சத்தமில்லாமல் திரும்பப் பைக்குள் வைத்தார். ஜோடி ஸ்பீக்கரின் தத்துவத்தைச் செல்விக்கு விளக்கினேன்: பாட்டில் பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் வரும், ஒன்று இல்லாவிட்டால் பாட்டு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்று. செல்வி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "அதுக்கென்னண்ணே, எடப்பக்கம் பிள்ளையார் பாத்துக்குவாரு, வலப்பக்கம் நீங்க பாத்துக்கங்க."

செய்தியா, அசரீரியா

ஆகவே சுவரை விட்டுவிட்டு மேலே போனோம். ஹாலில் ஜிப்சம் பலகையால் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தார்கள். அதில் வட்டமாக நான்கு ஓட்டை அறுத்து, நான்கு ஸ்பீக்கரை மாட்டினோம். பார்வைக்கு வெள்ளை வலை, சாப்பாட்டுத் தட்டு அளவு. கீழே நின்று பார்த்தால் ஏற்றாத லைட்டு மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளை கணேசன் அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே இருந்து இருந்து, ரகசியத்தையும் பக்கத்துத் தறிக்காரரிடம் சொல்வதுபோல்தான் சொல்வார். முதலில் பாட்டு போட்டுக் காட்டினேன். மழைபோல எல்லாப் பக்கமும் சமமாக விழுந்தது. தலையாட்டினார். பாண்டிக்கு முகமெல்லாம் பல். பிறகு கணேசன் டி.வி.யில் செய்தி வைக்கச் சொன்னார். செய்தி வாசிக்கும் பெண் எதிரே சுவரில் வாயசைத்தாள். குரல் உச்சந்தலைக்கு மேலிருந்து வந்தது. இவர் அவளைப் பார்ப்பார், மேலே பார்ப்பார், மறுபடியும் அவளைப் பார்ப்பார். டி.வி.க்கு என்றால் முன்னால் நிற்கிற ஸ்பீக்கர்தான் நல்லது என்பது என் கட்சி. ஆனால் சீர் பாண்டியுடையது. கணேசன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்: "ஏம் மச்சான், இவுக செய்தி வாசிக்கிறாகளா, இல்ல எனக்கு மட்டும் அசரீரி சொல்றாகளா?"

பால்காய்ச்சு

விடியற்காலையில் பால் பொங்கிவிட்டது. பால் பொங்குவதற்கு முன்பே குழாய் ஸ்பீக்கர் பொங்கிவிட்டது. வாசல் வேப்பமரத்தில் இரண்டு குழாய் கட்டி, பந்தலில் ஆளுயரப் பெட்டிகள் அடுக்கி, சவுண்டு சர்வீஸ்காரர் விருதுநகர் வரைக்கும் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சீர் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். தெருமுனையில் கூடி, மேளத்தோடு, தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பிரிட்ஜ், பீரோ என்றால் லோடு ஆட்டோவில் மாலை போட்டுக்கொண்டு பின்னால் வரும். ஊர் வாசலில் நின்று பார்க்கும். பாண்டி வீட்டாரும் மேளத்தோடுதான் வந்தார்கள். பழத்தட்டு வந்தது, தேங்காய் வந்தது, சேலை வேட்டி வந்தது. அதற்குப் பின்னால் தெரு காலியாக இருந்தது. இத்தனை நாள் வேலை பார்த்ததில் பாண்டிக்கும் தோன்றவில்லை, ஜாபர் பாய்க்கும் தோன்றவில்லை, உலகத்து விஷயமெல்லாம் பேசுகிற எனக்கும் தோன்றவில்லை. சீர் ஏற்கெனவே சீலிங்கில் இருந்தது.

முத்துலட்சுமி வாசல்படியில் நின்று தெருவை எட்டிப் பார்த்தார். "பழம் சரி. சீரு எங்க கொழுந்தனாரே, பின்னால வருதா?"

"உள்ளதான் மதினி இருக்கு. மேல."

மதினி உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். "மேல எரியாத லைட்டு நாலு இருக்கு."

பாண்டி எனக்குக் கண் காட்டினார். பாட்டைப் போட்டேன். முழுசாகத் திருகினேன். வேப்பமரத்துக் குழாய் அதை அப்படியே விழுங்கிவிட்டது. சவுண்டு சர்வீஸ்காரரிடம் ஓடிப்போய்க் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். "குழாய நிறுத்துனா வீட்டுல ஏதோ தகராறுன்னு ஊரே கூடிரும் சார்" என்று மறுத்துவிட்டார். திரும்பி வந்தால் கூட்டத்தின் நடுவில் முத்துலட்சுமி பேசிக்கொண்டிருந்தார்: "போன தடவ சீரு பேங்குக்குள்ள இருந்துச்சு. இந்தத் தடவ கூரைக்குள்ள இருக்காம்." நாலைந்து பேர் சிரித்தார்கள். செல்வி பால் தம்ளர்களை அடுக்குவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். பாண்டியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கழட்டுங்கண்ணே."

"சத்தம் எங்கிருந்து வருதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாது, அதான் கௌரவம்னு..."

"அது அரேபியாவுலண்ணே. இது பாலவனத்தம்."

சீர் இறங்கியது

விசேஷ வீட்டு ஹாலில், விருந்தாளிகளின் தலைக்கு மேல் ஏணியைப் போட்டு ஸ்பீக்கர் கழற்றிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து அழலாம். நான் ஏணியைப் பிடிக்க, ஜாபர் பாய் மேலே ஏறினார். சாப்பிட வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, "கரண்டு போயிருச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நான்கையும் இறக்கி, நான்கு தாம்பாளத்தில் வெற்றிலை பரப்பி உட்காரவைத்தோம். கொல்லை வாசல் வழியாக வெளியே கொண்டுபோய், பின்சந்து வழியாகத் தெருமுனைக்குப் போய், மேளத்தைத் திரும்பக் கூப்பிட்டு, இரண்டாம் முறையாகச் சீர் புறப்பட்டது. முன்னால் பாண்டி. தலையில் தாம்பாளம். தாம்பாளத்தின் ஓரமாக ஒயர் தொங்கிக்கொண்டு வந்தது.

வாசலில் செல்வி ஆரத்தி எடுத்தார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சந்தனம் தடவி, அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். வலையின் துளை வழியாகக் குங்குமம் உள்ளே இறங்குவதைப் பார்த்தேன், தொழில் ரீதியாக நெஞ்சு வலித்தது. சீரை வாங்கிக்கொள்ள முத்துலட்சுமி முன்னால் வந்தார். ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக் கனம் பார்த்தார். பின்புறக் காந்தம் நல்ல கனம்; புருவம் உயர்ந்தது. குடம்போல இடுக்கிப் பார்க்கலாம் என்று இடுப்போடு அணைத்தார். இடுப்பில் சாவிக்கொத்து. அது டக்கென்று காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

பிடித்து இழுத்தார், வரவில்லை. செல்வி ஒரு பக்கம் இழுத்தார், பாண்டி ஒரு பக்கம் பிடித்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தவர் முத்துலட்சுமிதான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்பீக்கரை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்துக்கங்கப்பா, செல்வி பொறந்த வீட்டுச் சீரு என்னையப் புடிச்ச புடி விட மாட்டேங்குது!"

பந்தி முடிந்த பிறகு ஸ்பீக்கர்களைத் திரும்ப மாட்டினோம். வலையைத் துடைக்கத் துணி எடுத்தேன். மங்கலத்தைத் துடைக்கக் கூடாது என்று முத்துலட்சுமி துணியைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பாண்டி சவுதிக்கு விமானம் ஏறினார். தாளம் தூக்கலான பாட்டு வந்தால் அந்த ஹாலில் ஒரு நாற்காலியின் மேல் இப்போதும் கொஞ்சம் குங்குமம் உதிர்கிறது. தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் முத்துலட்சுமி அந்த நாற்காலியில்தான் உட்காருகிறார்.