கம்ப்யூட்டர் அக்காவின் திங்கள் வம்பு

மருத்துவமனையின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் மாடிப்படிக்கும் இடையில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. கம்ப்யூட்டர் அக்கா அதில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்தாள். சேர்ந்த முதல் வருஷமே, காலையில் நோயாளிகள் வரிசைக்காக முட்டி மோதுவதைப் பார்த்துவிட்டு, டோக்கன் கொடுக்கும் புரோகிராம் ஒன்றைத் தனியாளாக எழுதி முடித்தாள். யாருக்கு எந்த டாக்டர், எத்தனையாவது ஆள், எந்த அறை என்பதையெல்லாம் அதுதான் சொல்லும். கூடத்துத் திரையில் எண் வரும், மணி அடிக்கும், ஆள் உள்ளே போவார். ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு பேர். அப்போது அவளுக்கு வயது இருபத்து நான்கு. உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். தன் கையாலேயே தனக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம் என்பது புரிய வெகுகாலம் ஆயிற்று.

அக்காவுக்கு வாய்ப்பேச்சு குறைவு. அதற்கும் சேர்த்து எழுதுவாள். திங்கட்கிழமைதோறும் காலை டீக்கு முன்னால் ஒரு பக்கம் தட்டி, பிரிண்ட் எடுத்து, குடிதண்ணீர் மெஷினுக்கு மேலே ஒட்டிவிடுவாள். தலைப்பு ‘திங்கள் வம்பு’. அந்த வாரம் கம்ப்யூட்டர் உலகத்தில் எது செய்தியோ அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நையாண்டி. நர்ஸுகளும் அட்டெண்டர்களும், சில சமயம் டாக்டர்களும்கூட, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க மறந்து நின்று படிப்பார்கள்.

பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தபோது இப்படி எழுதினாள்: “மாற்றிவிட்டோம். எல்லோருடைய புது பாஸ்வேர்டும் மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. சிலருடைய கையெழுத்து திருடனுக்குப் புரியாது. நமக்கு அதுதான் பாதுகாப்பு.”

இன்டர்நெட் இணைப்புள்ள ஃப்ரிட்ஜ் வந்த வாரம்: “பால் தீர்ந்தால் ஃப்ரிட்ஜே போனுக்குச் சேதி அனுப்புமாம். என் அறையில் பாலைத் தீர்ப்பதும் நான், தீர்ந்ததைக் கண்டுபிடிப்பதும் நான், வாங்கி வருவதும் நான். இனிமேல் ‘தெரியும்’ என்று ஃப்ரிட்ஜுக்குப் பதில் போடுவதும் நான்.”

செயற்கை நுண்ணறிவு எல்லார் வேலையையும் பறித்துவிடும் என்று நாளிதழ்கள் கூப்பாடு போட்ட வாரம்: “என் வேலையைப் பறிக்க வருவதற்காக நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறேன். இன்னும் வரக் காணோம். அறை கண்டுபிடிக்க முடியாமல் சுற்றுகிறதோ என்னவோ. எக்ஸ்ரேக்கு அடுத்த கதவு என்று யாராவது சொல்லிவிடுங்கள்.”

படித்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அக்கா அதை விளையாட்டுக்கு எழுதவில்லை.

அவள் கணவர் காகித ஆலையில் மெஷின் மேற்பார்வையாளர். ஆலையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் நான்கு மணி நேரம். பள்ளி திறக்கும் சமயம் என்பதால், “நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. என்னை ஒரு மாசத்துல விட்டுருவாங்க” என்று கணவரையும் மகளையும் அனுப்பிவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, ஊழியர் குடியிருப்பில் ஒற்றை அறைக்கு மாறினாள். அங்கேயும் இதே சுகாதாரத் துறையின் மருத்துவமனை ஒன்று இருந்தது, காலியிடமும் இருந்தது. இங்கே விடுவித்தால் போதும். அந்த ஒரு மாதம் இழுத்துக்கொண்டே போய் இரண்டு வருஷம் நான்கு மாதம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை பஸ் ஏறுவாள். பாதி வழியில் போன் வரும். “அக்கா, திரை நின்னுபோச்சு. ஜனங்க கத்துறாங்க.” எதிர் பஸ் பிடித்துத் திரும்பிய சனிக்கிழமைகள் உண்டு. மகள் முதலில் அழுதாள், பிறகு கோபித்தாள். அதற்கப்புறம், “வருவியா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “வந்தா சொல்லு” என்றாள். அழுகையைவிட அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

இயக்குநர் கெட்ட மனிதர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டாவது வெளியே வந்திருப்பாள்.

“உங்களுக்குப் பதிலா ரெண்டு பேர எடுத்துப் பாத்தாச்சும்மா” என்றார் ஒருமுறை. “ஒருத்தர் ரெண்டே வாரத்துல ஓடிட்டார். இன்னொருத்தர் உங்க புரோகிராமப் படிச்சிட்டு, இத எழுதினவங்க இன்னும் உயிரோட இருக்காங்களான்னு என்கிட்ட கேட்டார்.”

“நான்தான் எல்லாத்தையும் விளக்கி எழுதிக் கொடுத்திருக்கேனே சார். இருநூத்தி நாப்பது பக்கம்.”

“அது பத்திரமா இருக்கும்மா.”

பத்திரமாகத்தான் இருந்தது. மானிட்டர் உயரம் போதவில்லை என்று அவர் அதை அடியில் முட்டுக் கொடுத்திருந்ததை அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அப்போதுதான் ஒரு விடிவு தெரிந்தது. வெளிக் கம்பெனி ஒன்றிடம் புதிய டோக்கன் முறையை வாங்க முடிவாயிற்று. விற்பனையாளர் பளபளக்கும் படங்களோடு வந்து ஒரு மணி நேரம் பேசினார். இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தார். புதிய முறை முப்பது நாள் ஒழுங்காக ஓடினால் அவளைப் பணியிலிருந்து விடுவிக்கலாம் என்று அதில் இருந்தது. அக்கா அதை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள். அன்று மாலை மகளிடம் போனில் சொன்னாள். மகள் உடனே, “அலமாரியில பாதிய காலி பண்ணவாம்மா?” என்று கேட்டாள்.

புதிய முறை முதல் வாரம் குறையில்லாமல் ஓடியது. அக்காவுக்கு வேலையே இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக, கூடத்தில் போய் நோயாளிகளோடு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் ஒரு பெரியவர் கண்ணில் பட்டார். கையில் ஊன்றுகோல். கைப்பிடி உள்ள நாற்காலி கடைசி வரிசையில்தான் இருந்ததால் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய எண் திரையில் வந்தது. கைப்பிடியை அழுத்தி எழுந்து, கோலைச் சரிசெய்து, நான்கு அடி வைத்தார். திரை ‘டோக்கன் காலாவதி’ என்று காட்டிவிட்டு அடுத்த எண்ணுக்குத் தாவியது. அவர் நின்று பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, புது டோக்கன் எடுக்கப் போனார்.

அக்கா பின்னாலேயே போனாள். “எத்தனாவது தடவைங்க இது?”

“நாலாவது டோக்கன்மா. மெஷின் மேல தப்பு இல்ல. எனக்குத்தான் சட்டுனு எந்திரிக்க முடியல.”

முப்பது வினாடிக்குள் ஆள் வரவில்லை என்றால் புதிய முறை எண்ணை அடித்துவிடும். அக்காவின் பழைய புரோகிராம் மூன்று தடவை கூப்பிடும். அப்படியும் வரவில்லை என்றால் ஐந்து பேருக்குப் பின்னால் தள்ளி வைத்து மறுபடி கூப்பிடும். எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம் முழுக்கக் கூடத்தில் நின்று, யார் எழுந்து நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டு வைத்த விதி அது.

விற்பனையாளருக்குப் போன் போட்டாள். “அந்த முப்பதைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க சார்.”

“கண்டிப்பா மேடம். அடுத்த வெர்ஷன்ல வருது. நாலு மாசம் ஆகும்.”

“ஒரு எண்ணை மாத்தத்தான கேக்கறேன்?”

“எங்க ஆபீஸ்ல எண்ணை மாத்தறதுக்கும் வெர்ஷன்தான் மேடம்.”

இயக்குநரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “முப்பது நாள் போகட்டும்மா, அப்புறம் பேசிக்கலாம். உங்களுக்கும் அதுதான நல்லது?” என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலை அக்கா கூடத்தில் உட்கார்ந்து எண்ணினாள். மதியத்துக்குள் பதினோரு பேருடைய எண் அப்படிப் போயிற்று. கர்ப்பிணி ஒருத்தி, கண்ணில் கட்டுப் போட்டவர் ஒருவர், கழிப்பறைக்குப் போய்த் திரும்பியவர்கள். இன்னும் இருபது நாள் பேசாமல் இருந்தால் போதும். கைப்பைக்குள் கைவிட்டுக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருபது நாள்தான் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். மனம் கேட்கவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்ப் பழைய மெஷினை ஆன் செய்தாள். அது முனகி எழும்பக் காத்திருந்து, புதியதிலிருந்து வயரைப் பிடுங்கிப் பழையதில் செருகினாள். கூடத்தில் பழைய மணி அடித்தது.

இயக்குநர் திட்டவில்லை. “நல்ல காரியம்தாம்மா” என்றார். “ஆனா அந்தக் கடிதம் இனிமே செல்லாதுன்னு உங்களுக்கே தெரியும்.”

கணவரிடம் போனில் சொன்னாள். “தப்புன்னு சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா இவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

அதற்குள் மகளே போனை வாங்கிவிட்டாள். “அலமாரியில என் புஸ்தகத்தயெல்லாம் திருப்பி வெச்சுக்கவா?”

“வெச்சுக்கோ” என்றாள் அக்கா.

அதன்பிறகு மூன்று திங்கட்கிழமை வம்பு ஒட்டப்படவில்லை. செய்திக்குக் குறைச்சல் இல்லை. ஏதோ ஒரு கம்பெனி, மனிதர்களின் மனநிலையைக் கண்டறியும் கைக்கடிகாரம் விற்றது. பழைய நாளாக இருந்தால் அதை வைத்து இரண்டு பக்கம் எழுதியிருப்பாள். இப்போது படித்துவிட்டு மூடி வைத்தாள். எட்டு மணிக்கு வந்தாள், ஆறு மணிக்கு எதிரே இருந்த குடியிருப்புக்குப் போனாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாலைதான். சில வாரம் அந்தச் சாலையைத் தாண்டி வேறெங்கும் அவள் போகவில்லை.

நான்காவது திங்களன்று டோக்கன் கவுண்டர்காரர் அறைக்குள் தலையை நீட்டினார். கூடமே அதிரப் பேசுவார் என்பதால் அவரை எல்லோரும் ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“வம்பு ஏன்க்கா வரல?”

“சிரிப்பு வரல.”

“சரி விடுங்க. போன வாரம் கண் பிரிவுத் திரை உறைஞ்சுபோச்சு. நானே சரி பண்ணிட்டேன்.”

அக்கா நிமிர்ந்தாள். “நீங்களா? எப்படி?”

“நீங்கதான எழுதியிருந்தீங்க. அந்தத் திரை கோவிச்சுக்கிட்ட மாமியார் மாதிரி, நேரா கேட்டா பேசாது, பக்கத்து ரூம்லேர்ந்து தூது விடணும்னு. அதான் பக்கத்து ரூம் மெஷின்ல போய் மறுபடி ஆரம்பிச்சேன். வந்துருச்சு.”

அது எப்போதோ வம்பில் போகிற போக்கில் எழுதிய வரி. அதே விஷயம் விளக்கப் புத்தகத்தின் நூற்றுப் பதினாறாம் பக்கத்தில் படத்தோடு இருந்தது. அதை ஒரு ஜீவன் புரட்டிப் பார்த்ததில்லை. கேலியாகச் சொன்னதை மட்டும் இந்த மனிதர் மனப்பாடமாக வைத்திருக்கிறார். மைக் போன பிறகு அக்கா அந்தப் பக்கத்தைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டாள். பிறகு எழுதத் தொடங்கினாள்.

அந்த வாரத்திலிருந்து வம்பு மறுபடி வந்தது. மேல்பாதியில் வழக்கம்போல உலகச் செய்தி. கீழ்ப்பாதியில் டோக்கன் புரோகிராமின் ஒரு மூலை. “தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முடிந்தால் எண் மறுபடி ஒன்றிலிருந்து வரும். காலை ஒன்றாம் எண்காரர் இன்னும் கூடத்திலேயே இருந்தால், ஒரே மேடையில் இரண்டு மாப்பிள்ளை. முதல் மாப்பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் இரண்டாமவரைக் கூப்பிட வேண்டும். எந்தப் பொத்தான் என்று கீழே பாருங்கள்.” இப்படியே முப்பத்தொரு வாரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, கோப்பில் குத்தி வைத்தாள். புரியாத இடத்தில் வந்து நின்று கேள்வி கேட்டாள். சில கேள்விக்கு அக்காவுக்கே பழைய வரிகளைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசி நான்கு மாதத்தில் மெஷின் ஆறு தடவை படுத்தது. ஆறு தடவையும் மைக்கும் அந்தப் பெண்ணுமே எழுப்பிவிட்டார்கள். அக்கா வேண்டுமென்றே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

அந்த ஆறு தேதிகளையும் எழுதிப் புதிய விண்ணப்பம் ஒன்று கொடுத்தாள். இயக்குநர் இரண்டு முறை படித்தார். ஒரேயடியாக விட அவருக்குப் பயம். மாதத்தில் ஒரு வாரம் போய் வரலாம், மற்றதை வருஷக் கடைசியில் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

முதல் வாரம் போனாள். பஸ்ஸில் நான்கு மணி நேரமும் போனை மடியில் வைத்திருந்தாள். அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. சமைக்கும்போது அடுப்புப் பக்கத்தில், குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில் என்று போன் கூடவே போயிற்று. மூன்றாம் நாள் மதியம் மகள் கேட்டாள், “அம்மா, போன் செத்துப்போச்சா? ஏன் அதையே பாத்துட்டிருக்க?”

அக்காவுக்கும் சந்தேகம் வந்தது. மைக்குக்குத் தானே போன் போட்டாள்.

“என்னக்கா, ஏதாவது அவசரமா?” கூடத்து இரைச்சலுக்கு மேலே அவர் குரல் கேட்டது.

“ஒண்ணுமில்ல. அங்க எல்லாம் சரியா இருக்கா?”

“ஜோரா ஓடுது. காலையில கொஞ்சம் நின்னுது, அந்தப் பொண்ணு பாத்துக்கிச்சு. வெச்சிரவாக்கா? கூட்டம் நிக்குது.”

வைத்துவிட்டார். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னவாம்?” என்றார் கணவர்.

“நான் இல்லாமலே ஓடுதாம்.”

“நல்லதுதான?”

“நல்லதுதான்” என்றாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. சிறிது நேரத்தில் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனவள், மாலை மகள் டியூஷன் முடிந்து வரும்வரை எழுந்திருக்கவில்லை. வாரம் முடிந்து ஞாயிறு மாலை பஸ் ஏறினாள். வருஷக் கடைசிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.