‘மற்றவை’ என்னும் பொத்தான்

பிரிட்ஜ் கதவில் மனைவி கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கட்டத்துக்குள் ‘கணவர்’, இன்னொன்றில் ‘பால்’, நடுவே ஓர் அம்புக்குறி, அதன் தலையில் ஒரு கேள்விக்குறி. பால் தீர்ந்துவிட்டதை யார் யாரிடம் சொல்வது என்பது அந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

“வாயத் திறந்து சொன்னா போதாதா?” என்கிறார் கணவர்.

“நேத்து வாயத் திறந்துதான் சொன்னேன். பால் வந்துச்சா?”

பிளாஸ்டிக் டப்பா வார்க்கும் தொழிற்சாலையில் அந்த மனைவி பராமரிப்புப் பொறியாளர். அங்கே எல்லோருக்கும் ‘கட்டம் அக்கா’. நாற்பதைத் தாண்டிய பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து, பொறியியல் மேலாண்மையில் முதுகலை படிக்கிறார். தகவல் அமைப்புகள் அவருடைய சிறப்புப் பாடம். வேலை முடிந்து, கையில் கிரீஸ் வாடையோடு நேராக வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். “சார், இது புத்தகத்துல ஓடும். எங்க ஷெட்டுல ஓடாது” என்று பேராசிரியரை நிறுத்திவிட்டு, ஏன் ஓடாது என்று எழுந்துபோய்ப் பலகையில் கட்டம் போட்டும் காட்டுவார்.

கடைசிப் பருவத் திட்டப்பணியாகத் தம் தொழிற்சாலைக்கே ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஒரு தொடுதிரை. இயந்திரம் நின்றால், ஓட்டுபவர் காரணத்தை அழுத்த வேண்டும். எல்லாம் கச்சிதமாக நடந்தது, காரணங்களைத் தவிர. முக்கால்வாசி நிறுத்தங்களுக்குக் காரணம் ‘மற்றவை’.

“இந்தத் தரவ வச்சுக்கிட்டு வைவாவுக்குப் போக முடியாதும்மா. தலைப்ப மாத்திக்கங்க. ஒரு வருஷம் கூடுதலா ஆகும், அவ்வளவுதான்” என்றார் பேராசிரியர்.

“தலைப்பு நல்லாத்தான் இருக்கு சார். எங்கயோ அம்புதான் தப்பாப் போகுது.”

மறுநாள் ஓர் இயந்திரத்தருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இயந்திரம் நின்றது. ஓட்டுபவரின் விரல் ‘சூடு அதிகம்’ வரை போய்த் தயங்கி, கீழே இறங்கி, ‘மற்றவை’யை அழுத்தியது. அக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. மற்ற எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஷிப்ட் போர்மேனின் போனுக்குச் செய்தி போகும். அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டு வருவார். ‘மற்றவை’ மட்டும் யாருக்கும் போகாது. அந்த அம்புகளைப் போட்டவர் அக்காவேதான்.

போர்மேனைப் பிடித்தார். “அண்ணே, இனிமே சேதி உங்களுக்கு வராது. எனக்கு வரும். நான் வந்து சொல்றேன்.”

“அப்ப நான் எதுக்கு, அலங்காரத்துக்கா?”

“மெஷினப் பாக்கறதுக்கு. ஆளப் பாத்துக் கத்தறதுக்கு இல்ல.”

போர்மேன் சில நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் ‘மற்றவை’ தேய்ந்து, காரணங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டத் தொடங்கின.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குப் பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் ஒளிக்காமல் எடுத்துப் போனார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“சேதி உங்களுக்கு வருதுன்னு மெஷின் ஓட்டறவங்களுக்குத் தெரியும். உங்க மனசு குளிர எதையாவது அழுத்திட்டுப் போறாங்களோ என்னவோ. உண்மையத்தான் சொல்றாங்கன்னு நான் எப்படி நம்பறது?”

பேராசிரியர் தலை குனிந்தார். அக்கா திரையில் இருந்த வரைபடங்களின் பக்கமே திரும்பவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து, அன்று காலை வந்த செய்தியைத் திறந்தார்: ‘ஆறாம் இயந்திரம். காரணம்: ஓட்டுபவரின் தவறு.’ அதை அழுத்தி அனுப்பிய ஓட்டுபவரின் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, போனைத் தேர்வாளரிடம் நீட்டினார்.