வெள்ளிக்கிழமைப் பூட்டு

வழக்கு முடியும்வரை எங்கள் தையல் கடையைத் தொடக் கூடாது என்று கட்டட ஓனருக்குக் கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த உத்தரவுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, கடைக்குள்ளேயே சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார். மனுஷன் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை மலேசியாவில், கிள்ளான் டவுனில் இருக்கும் எங்கள் கடைக்குப் போனால் ஷட்டரில் புதுப் பூட்டு. நாங்கள் கூப்பிட்டதும் போலீஸ்காரர் வந்து, "உத்தரவைக் காட்டுங்கள்" என்றார். நாங்கள் இருவரும் ஷட்டரைக் காட்டினோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கணவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். வக்கீல் நகலைப் போனில் அனுப்பினார். போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இது சிவில் கேஸ், திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போங்கள்" என்று கிளம்பிவிட்டார்.

திங்கள்வரை கடை ஓனர் கையில் இருந்தால் சாமான்களை வாரி வெளியே போட்டுவிடுவார். அப்புறம் வழக்கில் ஜெயித்து என்ன செய்வது? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடை வாசலில் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

மதியம் ஓனர் வந்தார். நெற்றி நிறைய விபூதி.

"கோர்ட் ஆர்டர் இருக்குண்ணே" என்றேன்.

"இருக்கட்டும்மா. கட்டடம் என்னுது லா. சாமான எடுத்துக்கிட்டு வேற எடம் பாருங்க."

அப்போதுதான் என் கணவர் மெல்ல வாயைத் திறந்தார். "அண்ணே, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. உள்ள சாமி இருட்டுல இருக்கு. விளக்கு மட்டும் ஏத்திட்டு வந்துடுறோம்."

ஓனர் முகம் மாறிவிட்டது. நீதிபதி சொல்லைக் காலில் போட்டு மிதித்தவர் பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடினார். ஷட்டரைத் தூக்கியதும் செருப்பைக்கூடக் கழற்றினார்.

"சட்டுனு ஏத்திட்டு வாங்க."

என் கணவர் விளக்கை ஏற்றினார். அவர் நிஜமாகவே அதற்குத்தான் கேட்டிருந்தார், பாவம். நான் நேராக என் மெஷினில் போய் உட்கார்ந்து, பாதியில் கிடந்த கல்யாண ரவிக்கையை ஊசிக்கடியில் வைத்தேன்.

"போதும்மா, வெளிய வா. பூட்டணும்."

"பூட்டுங்கண்ணே. திங்கக்கிழமைவரைக்கும் நான் உள்ளதான் இருப்பேன்."

என் கணவர் திகைத்து என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து மெஷினில் உட்கார்ந்தார். ஓனர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பயத்தில் தையல் கோணலாக ஓடியது. பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று நிறுத்தாமல் மிதித்தேன்.