வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடம்

ஆர்க்டிக் கடலில் உள்ள ஒரு குடாவை, யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் மாதிரி என்று மனைவிக்கு விளக்கிய மேதை நான்தான். இத்தனை வருடம் ஒஸ்லோவில் இருந்தும் வடக்கே பனிக்கடலை எட்டிப் பார்த்ததில்லை. வாய்க்கு அது ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

கடலியல் படிக்கும் எங்கள் மகள் கோடையில் ஓர் ஆய்வுக் கப்பலில் ஸ்வால்பார்ட் தீவுகளின் வடகிழக்கே அந்தக் குடாவுக்குப் போனாள். அங்கே ஊர் இல்லை, வீதி இல்லை. இரண்டு பக்கமும் கறுத்த கல்மலை. உள்முனையில் பனியாறு கடலுக்குள் இறங்கி நிற்கும். குடாவின் வாய் வடக்கே பார்த்துத் திறந்திருப்பதால், வடகாற்று அடித்தால் மிதக்கும் பனியெல்லாம் வந்து அதை அடைத்துவிடும். இது மகள் எனக்குச் சொன்னது. நான் மனைவிக்குச் சொன்னது வேறு.

"இஞ்சை பாரும், பண்ணைக் கடல் மாதிரித்தான். சுத்திவரக் கரை. விழுந்தாலும் இடுப்பளவு தண்ணிதான்."

"அப்ப ஐஸ்?"

"அது உம்மடை ஃபிரிட்ஜுக்குள்ளையும்தானே இருக்கு."

சிரித்தாள். ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது மற்றப் பெண்களுக்கும் இடுப்பளவு என்றே சொல்லி வைத்தாள்.

பிறகு மகளின் அழைப்புகள் நின்றன. கப்பல்கள் நிற்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் இணையப்பக்கம் ஒன்றைத் திறந்தபடியே திரிந்தேன். ஒரு பின்னேரம், ஒஸ்லோ குரோருட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் பார்க்கிறேன்: புள்ளி நீலத்தை விட்டு வெள்ளைக்குள் ஏறி நிற்கிறது. வெள்ளை என்றால் பனியாறு. மடிகணினியை மூடப் போனேன். அகப்பையோடு மனைவி பின்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நீலம்தானே கடல்?"

"ஓம்."

"அப்ப ஏன் பிள்ளை வெள்ளையிலை நிக்கிறாள்?"

"அங்கை... இறங்குதுறை ஏதும் இருக்கும்."

"ஐஸ் மலைக்கு மேலையோ?"

பருப்பு அடிப்பிடித்து மணத்தது. இருவரும் அசையவில்லை.

மறுநாளும் புள்ளி அங்கேயே நின்றது. மனைவி செபமாலை உருட்டினாள். நான் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

கடைசியில் மகள் செய்மதித் தொலைபேசியில் வந்தாள். இருவருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அப்பா, வடகாத்து அடிச்சுக் குடா வாய் ஐஸாலை அடைச்சுப் போச்சு. அதாலை உள்ளுக்கு ஒதுங்கி நிக்கிறம்."

"மேப்பிலை ஐஸுக்கு மேலை நிக்கிறாய், பிள்ளை" என்றேன்.

"மேப் பழசு. முந்தி இதிலை பனியாறு நிண்டது. உருகிப் பின்னுக்குப் போட்டுது. நாங்கள் தண்ணியிலைதான்."

"ஆழம் எவ்வளவு?" மனைவி குறுக்கே கேட்டாள்.

"ஒருத்தரும் வடிவா அளக்கேல்லை. காத்து மாறினாத்தான் வெளியாலை வரலாம்."

தொடர்பு அறுந்தது. நான் மனைவியின் பக்கம் திரும்பி, "பாத்தீரே, தண்ணியிலைதான்..." என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"காணும். எனக்கு ஆறுதல் சொல்லுறன் எண்டு உங்களுக்குத்தான் சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள். பயமெண்டா, வாயை மூடிக்கொண்டு பயப்பிடுங்கோ."